இரண்டாவது தட்டு

அத்தியாயம் 11

கொராந்தன் புறாவை உணவு அட்டையிலிருந்து எடுத்த நாள் முதல் நானும் அவனும் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினோம். மேஜை எண், ஆள் எண்ணிக்கை, போகலாம், நிற்கட்டும். அவ்வளவே.

புறா என் மனைவி மாய்லிஸ் உருவாக்கிய பண்டம். லியோன் நகரில், ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு, உணவகங்களைத் தரம் பார்க்கும் புத்தகத்தின் நட்சத்திரத்தை வாங்கிக் கொடுத்தது அந்த ஒன்றுதான். போன வருடம் அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அடுப்பு அவளுடைய அண்ணன் கொராந்தன் கைக்கு வந்தது. நட்சத்திரம் நிலைக்குமா என்று ஊர் பேசியது. அவன் கவலை வேறு. தங்கையின் நட்சத்திரம் போனாலும் சரி, தன் பெயருக்கு ஒன்று வர வேண்டும்.

நான் சமையல்காரன் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒயின் ஊற்றுவதும், பறவைகளை விருந்தாளியின் பக்கத்திலேயே வெட்டிப் பரிமாறுவதும் என் வேலை. மாய்லிஸ் இருந்தவரை அவள் சமைப்பதை ருசி பார்ப்பதும் நான்தான். அவள் போன பிறகு நாக்கில் எந்த ருசியும் ஏறவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒயினை மோந்து பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மேஜை விரிப்புகளை மேஜைமேலேயே போட்டு இஸ்திரி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மூட்டத்தில் ஆறு தெரியவில்லை. மாமியார் ஓடில் வந்தார். நான்காம் மேஜையின் உப்புக் கிண்ணத்தை எடுத்து ஜன்னல் பக்கமாக வைத்தார். ஒன்றும் சொல்லாமல் முன்வாசல் பக்கம் போய்விட்டார்.

எங்கள் கடையில் இதை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. உப்பு ஜன்னல் பக்கம் இருந்தால் அந்த மேஜைக்குப் புத்தகத்து ஆள் வருகிறார் என்று பொருள். நட்சத்திரம் கொடுப்பதும் பிடுங்குவதும் அந்தப் புத்தகம்தான். அதன் ஆள் தனியாக வருவார். பொய்ப் பெயரில் இடம் பிடிப்பார். சாப்பிட்டதற்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். நாங்களும் அவரைத் தெரியாதது போலவே நடக்க வேண்டும். செஃப் கூடத்துக்கு வந்து குசலம் விசாரிக்கக் கூடாது. ஓசியில் ஒரு துண்டு ரொட்டி கூட அதிகம் வைக்கக் கூடாது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தால் அந்த வருடம் அவ்வளவுதான்.

வருகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொள்வதும் ஆளை மோப்பம் பிடிப்பதும் ஓடிலின் வேலை. இதுவரை அவர் உப்பைத் தப்பாக வைத்ததில்லை.

வாசலில் பூ மாற்றிக்கொண்டிருந்தவரிடம் போய், நிச்சயமா என்று கேட்டேன்.

"நான் என்னைக்கு விளையாட்டுக்கு உப்பைத் தொட்டிருக்கேன்?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செய்தியைச் சமையலறைக்கு நான்தான் கொண்டுபோனேன். நான்காம் மேஜையில் உப்பு நகர்ந்திருக்கிறது என்றேன். கொராந்தன் கத்தியைக் கீழே வைத்தான். முகம் சிவந்தது. இத்தனை நாளைக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மாப்ள, மீனைத்தான் கேட்பான் பாரு."

மூன்று மாதமாக அவன் கட்டி அழும் மீன் அது. ஆற்று மீனைப் புகையூட்டிய வெண்ணெயில் வேகவைத்து, மேலே வறுத்த ஓட்ஸ் தூவுவான். நன்றாகத்தான் இருந்தது என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு, புறா எங்கே என்று கேட்டார்கள்.

பதினொரு மணிக்கு எல்லோரும் வழக்கம்போலச் சமையலறை நீள மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வேலை தொடங்கும் முன் ஒன்றாகச் சாப்பிடுவது மாய்லிஸ் காலத்துக்கும் முந்தைய ஏற்பாடு. அந்தச் சாப்பாடு முடியும்வரை கொராந்தன் அம்மாவுக்கு மகன், எனக்கு மச்சான். எழுந்து ஏப்ரன் கட்டியதும் அவன் செஃப். பெற்ற தாயும் அவனை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

அன்று அவன் சாப்பிடவே இல்லை. ஓடில் இரண்டு முறை அவன் தட்டில் உருளைக்கிழங்கு எடுத்துப் போட்டார். பத்து வயதுப் பிள்ளைக்கு ஊட்டுவது போல இருந்தது. அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு மணிக்கு அவர் வந்தார். பதிவில் பெயர் மாயே. நாற்பது வயதிருக்கும். நல்ல கோட்டு, பழைய ஷூ. மேஜையில் உட்கார்ந்ததும் விரிப்பைத் தடவிப் பார்த்தார். அட்டையை ஒரு தடவை படித்து மூடினார்.

"புறா இல்லையா?"

இப்போது செய்வதில்லை என்றேன்.

"உள்ள ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

போய்ச் சொன்னேன். தட்டுகள் வெளியே போகும் மேடையில் கொராந்தன் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். அடுப்பு வேலைக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"மீன் இருக்குன்னு சொன்னியா?"

"சொல்றதுக்குள்ள புறாவைக் கேட்டுட்டாரு, செஃப்."

அவன் அடுப்பைப் பார்த்தான். அந்த இடத்தைத்தான் மாய்லிஸ் நிற்கும் இடம் என்று எல்லோரும் இன்னும் சொல்கிறார்கள்.

"செத்தும் இங்கயேதான் நிக்கிறா," என்றான் மெதுவாக. "நான் எங்க மாப்ள நிக்கிறது?"

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு எதுவுமே வருவதில்லை.

ஓடில் கதவருகில் நின்றிருந்தார். சேவை நேரத்தில் அவர் சமையலறைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. "குளிர் அறையில ரெண்டு புறா இருக்கு, செஃப். காலையில வாங்கி வச்சேன்," என்றார். "பண்ணு."

கொராந்தன் எதிர்த்துப் பேசவில்லை. புத்தகத்து ஆள் கேட்டால் செய்துதான் ஆக வேண்டும். மேல் அலமாரியில் கை விட்டு, பின்னாலிருந்து ஒரு கண்ணாடிச் சாடியை எடுத்தான். புளிப்புச் செர்ரி. என் அப்பாவின் தோட்டத்துப் பழம். அவள் கையால் ஊறப்போட்ட கடைசிச் சாடி.

என்னைக் கேட்கவில்லை. மூடியைத் திருகினான்.

அந்தப் புறா இரண்டு தட்டாக வரும். முழுப் பறவையைச் சுட்டு என்னிடம் தருவார்கள். விருந்தாளியின் பக்கத்தில் சின்ன மேஜையைப் போட்டு நான் முதலில் கால்களைக் கழற்றுவேன். அவை சமையலறைக்குத் திரும்பிப் போகும். நெஞ்சைச் சீவி, செர்ரியோடு வைத்துக் கொடுப்பது முதல் தட்டு. அதை அவர் சாப்பிடும் நேரத்தில் உள்ளே கால்களைக் கரி அனலில் காட்டி, செர்ரிக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பை நுணுக்கிச் சேர்த்த சாற்றை ஊற்றுவார்கள். அது இரண்டாவது தட்டு. கையால்தான் எடுத்துக் கடிக்க வேண்டும். மாய்லிஸ் அந்தத் தட்டோடு கரண்டி முள் எதையும் வைக்க விட்டதில்லை.

கொட்டைப் பருப்புக்கு ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு முந்தின ஜூனில் அப்பாவின் தோட்டத்தில் நானும் அவளும் செர்ரி பறித்தோம். அவள் ஒரு கொட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக் கல்லால் உடைத்தாள். பருப்பை என் வாயில் வைத்தாள். "இது புறாவுக்குச் சரியா இருக்கும்ல?" என்று அந்த நிமிடம்தான் தோன்றியதுபோலக் கேட்டாள். விருந்தாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்லித்தான் நான் புறாவை வெட்டுவேன். கேட்டவர்கள் மனைவியின் கையைத் தொட்டுக்கொள்வார்கள்.

அன்று கதை சொல்ல மனமில்லை. பேசாமல் கால்களைக் கழற்றினேன்.

"கொட்டையை இன்னும் துணியில சுத்தித்தான் உடைக்கிறாங்களா?" என்று அவர் கேட்டார்.

என் கத்தி நின்றது. சட்டைக் கைக்குக் கீழே அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். குறுக்காகப் பழைய தழும்புகள். அடுப்புக்குள் கை விட்டு விட்டு எடுக்கிறவனுக்கு வரும் தழும்பு.

"ஆமா சார்."

"அன்னெசி ஊர்ல நானும் மாய்லிஸும் ஒரே ஹோட்டல்ல வேலை பார்த்தோம். மொட்டை மாடில ஒரு ரூம். சுத்தியல் ஏது? என் ஷூ குதிகாலால தட்டுவா. படுக்கையெல்லாம் கொட்டைச் சில்லு. திரும்பிப் படுத்தா முதுகுல குத்தும்." சிரித்தார். "மாய்ன்னு கூப்பிடுவேன். இங்க யாருக்கும் அந்தப் பேரு தெரிஞ்சிருக்காது."

அந்தப் பெயரை நான்தான் அவளுக்கு வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை நான் அப்படிக் கூப்பிட்டபோது அவள் சிரித்தாள். பிடித்துப்போய்ச் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நெஞ்சைச் சீவினேன். துண்டுகள் ஒரே கனமாக விழுந்தன. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. இந்த ஆள் புத்தகத்து ஆள் இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனாலும் அது இரண்டாவதாகத்தான் உறைத்தது.

"அவங்க வீட்டுக்காரரைப் பார்த்திருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் எப்பவாவது போன் பண்ணுவா. ஒரு தடவை சொன்னா, அவர் எதைச் சாப்பிட்டாலும் நல்லா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாராம். எலும்பைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமாம். பிடிச்சிருந்தா சுத்தமா வழிச்சுட்டு, எலும்பை வரிசையா அடுக்கி வைப்பாராம்." முள்கரண்டியை விரிப்பின்மேல் உருட்டினார். "பாவம், அந்த ஆள் எங்க இருக்காரோ."

முதல் தட்டை அவர் முன் வைத்தேன். நல்லபடியாகச் சாப்பிடுங்கள் என்று சொன்னேன். கால்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கடந்த வருடம் முழுக்க எனக்கு வலிக்கவில்லை. எல்லோரும் அழுதபோது அழ வரவில்லை. டாக்டர் அதிர்ச்சி என்றார். இப்போது நெஞ்சுக்குக் கீழே ஏதோ எரிந்தது. அது துக்கம் இல்லை. வயிற்றெரிச்சல். சந்தேகமே இல்லாத, சின்னத்தனமான வயிற்றெரிச்சல். அந்தப் படுக்கையின் சில்லுகள் என் முதுகில் குத்தின.

கொராந்தன் கால்களை வாங்கி அனலில் வைத்தான். "எப்படி? முகம் எப்படி இருக்கு?"

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"செர்ரியை ஒதுக்கினானா?"

"இல்ல, செஃப்."

அவன் கொட்டைகளைத் துணியில் சுற்றி உடைத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாடியில் மிச்சம் கொஞ்சம் சிவப்புத் தண்ணீர்தான். தட்டை வைத்து, வெள்ளி மூடியால் மூடி, என் பக்கம் தள்ளினான். "போகலாம்."

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இரண்டு தள்ளுகதவுகள். ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் கேட்காமல் இருக்க நடுவில் ஒரு சின்ன இடைவழி விட்டிருக்கிறார்கள். வெள்ளிப் பாத்திர அலமாரி அங்கேதான் இருக்கிறது. சமையலறைப் பக்கத்துப் பின்கதவு மூடியது. முன்கதவை நான் தள்ளவில்லை.

தட்டை அலமாரிமேல் வைத்தேன். மூடியைத் தூக்கினேன்.

அவள் கடைசியாகத் தொட்ட பழம் அந்தச் சாற்றில் இருந்தது. அதை அந்த ஆளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் ஒரு கடி கடிப்பார். அன்னெசி ஞாபகம் வரும். எனக்கு நன்றி சொல்வார்.

ஒரு காலை எடுத்துக் கடித்தேன்.

கசப்புதான் முதலில் தெரிந்தது. பருப்பின் கசப்பு. அதற்குப் பின்னால் கரியின் வாசனை, அதற்கும் பின்னால் புளிப்பு. நாக்கு விழித்துக்கொண்டது. நின்ற இடத்தில் இரண்டு கால்களையும் தின்றேன். வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலே தின்றேன். விரல் நுனிகள் சிவந்துவிட்டன. சாற்றைத் தட்டோடு சாய்த்துக் குடித்தேன். மூடியைப் போட்டுத் தட்டை அலமாரிக்குள் தள்ளினேன். வேறு கையுறை மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

கால்கள் சரியாக அமையவில்லை, செஃப் மன்னிப்புக் கேட்டார் என்று அவரிடம் சொன்னேன். பாலாடைக்கட்டி கொண்டுவரட்டுமா என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்காகத்தான் வந்தேன்," என்றார். பிறகு தோளைக் குலுக்கினார். "சரி, கொண்டாங்க."

மூன்று மணிக்கு நான்காம் மேஜை தவிரக் கூடம் காலியானது. அதற்குப் பில் எடுக்கக் கல்லாவுக்குப் போனேன். ஓடில் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அதுக்கு வேண்டாம்."

அவரே அந்த ஆளின் கோட்டை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அந்த ஆள் குனிந்து ஓடிலின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பழகியவர்கள் முத்தம்.

அவர் போனதும் ஓடில் திரும்பினார். நான் அங்கேயே நின்றிருந்தேன்.

"புத்தகத்து ஆள்கிட்ட நாம என்னைக்கு அத்தை பணம் வாங்காம விட்டோம்?"

அவர் வாசல் கதவைச் சாத்தினார்.

"உப்பை நீங்கதான வச்சீங்க?"

"நான்தான் வச்சேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். காலணியிலிருந்து குதிகாலை உருவினார். "அவன் நிஜப் பேரு ஜோரிஸ். ரெண்டு வாரமா பேசிக்கிட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை இங்க வர்றான். அடுப்புக்கு."

"கொராந்தன்?"

"இருக்கட்டும். அவனுக்குக் கீழ நிக்கட்டும்." விரல்களைத் தேய்த்தார். "என் பையனுக்குக் கை இருக்கு ரெமி. ஆனா எதைப் பண்ணினாலும் தங்கச்சியை ஜெயிக்கத்தான் பண்றான். வாயில வைக்கிறவனுக்கு அது தெரிஞ்சிடுது. புத்தகத்து ஆள்னு சொன்னாத்தான் இன்னைக்கு ஒழுங்கா பண்ணுவான். ஜோரிஸும் பார்க்கணும்ல, அடுப்பு எந்த நிலைமையில இருக்குன்னு."

மாய்லிஸுக்கும் அந்த ஆளுக்கும் இருந்ததைப் பற்றிக் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை. அவருக்குப் புரிந்தது.

"உனக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன்," என்றார்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று அதற்குப் பொருள். தோட்டத்துக் கதையை நான் கூடத்தில் சொன்னபோதெல்லாம் இவர் கல்லாவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவளோட இடத்துல அந்த ஆளா?"

"அவ சமையல் தெரிஞ்சவன் உலகத்துல அவன் ஒருத்தன்தான் மிச்சம். நட்சத்திரம் போச்சுன்னா இந்தக் கடை அடுத்த குளிர்காலம் வரைக்கும் நிக்காது. உனக்கும் தெரியும்." எழுந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "கொராந்தன்கிட்ட நீ சொல்லு. நான் சொன்னா அம்மா சொன்னதாயிடும். தாங்க மாட்டான். நீ அவ புருஷன். உன் வாயால வந்தா கேப்பான்."

இடைவழிக்குப் போனேன். அலமாரியிலிருந்து தட்டை எடுத்தேன். சொல்லிவிடுவது என்றுதான் பின்கதவைத் தள்ளினேன். வந்தது யார் என்று சொல்வது. கால்கள் எங்கே போயின என்றும் சொல்வது.

கொராந்தன் மேடையில் காத்துக்கொண்டு நின்றான். என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினான். மூடியைத் தூக்கினான்.

தட்டை விளக்குக்குக் கீழே பிடித்தான்.

"கையால கடிச்சிருக்கான்," என்றான். "சாறு ஒரு சொட்டு இல்ல. புத்தகத்து ஆள் எலும்பை இப்படிச் சப்பி நீ பார்த்திருக்கியா மாப்ள?"

"இல்ல, செஃப்."

"அவ பண்ணப்போகூட இப்படி வந்ததில்ல. சொல்லு, வந்திருக்கா?"

வேலைக்காரர்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவன் கை தட்டினான். கொராந்தன் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு என்னைக் கட்டிக்கொண்டான். தங்கையின் சவ அடக்கத்தில்கூட அவன் என்னைத் தொடவில்லை. அவன் தோளில் கரி வாசனை அடித்தது. அதே கரி என் நாக்கிலும் இருந்தது.

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து புறா அட்டையில," என்றான். "என் பேர்ல."

அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ஓடில் உள்ளே வந்திருந்தார். சொல்லியாகிவிட்டதா என்று பார்க்க வந்திருக்க வேண்டும். அவர் கண் தட்டில் விழுந்தது.

எலும்புகள் பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நான் அடுக்கியது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடில் வீட்டு மேஜையில் அப்படி அடுக்குகிறவன் நான் ஒருவன்தான். மாய்லிஸ் அதை எல்லோருக்கும் காட்டிச் சிரிப்பாள்.

ஓடில் தட்டை எடுத்தார். மகனைப் பார்க்கவில்லை. குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோய் எலும்புகளைத் தன் கையாலேயே தள்ளிவிட்டார். வேலைக்காரப் பெண் வாங்க வந்தபோது கொடுக்கவில்லை.

என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "எப்படி இருந்துது?" என்றார்.

"நல்லா இருந்துச்சு அத்தை."

அவர் தலையாட்டினார். நான் மகனிடம் சொல்லவில்லை என்பதும் சொல்லப்போவதில்லை என்பதும் அவருக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

கொராந்தன் போனைக் காதில் வைத்திருந்தான். மறுமுனையில் எங்களுக்குப் பறவைகள் விற்கும் கோழிக்காரர். போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினான். இவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததே இல்லை.

"மாப்ள, அம்மா, சொல்லுங்க. செவ்வாய்க்கிழமைக்கு எத்தனை புறா சொல்லட்டும்?"

ஓடில் என்னைப் பார்த்தார். ஜோரிஸ் அடுப்புக்கு வருவதும் அதே செவ்வாய்க்கிழமைதான்.